முதலில் எந்த நாகரிகம்? சிந்துவெளியைக் கடைசிக்குத் தள்ளிய கதை

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘பண்டைய நாகரிகங்கள்’ என்று ஒரு பாடம் உண்டு. எகிப்து, மெசபடோமியா, சீனம், சிந்துவெளி எல்லாம் ஒரே பாடத்துக்குள். பாரோ, சிகுராட், ஹைரோகிளிபிக்ஸ், கியூனிபார்ம் என்று சொற்களை மனப்பாடம் செய்து, ‘பொருத்துக’வில் மதிப்பெண் வாங்கிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். சிகுராட் என்றால் என்ன என்று கேட்டால், “கோயில் சார்” என்பார்கள். அந்தக் கோயிலில் யார் இருந்தார், அவருக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருகிறோம். இந்தமுறை எட்டு வாரம். நான்கையும் தொட்டுவிட்டு ஓடுவதில்லை, ஒன்றை எடுத்து அதன் நம்பிக்கை உலகத்துக்குள் முழுதாக இறங்கலாம் என்று முடிவு செய்தோம். எந்த ஒன்று என்பதில்தான் இழுபறி. வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கும், பண்டைய வரலாற்றைத் தானே படிக்க நினைப்பவர்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால், நாங்கள் எடை போட்டுப் பார்த்த விதத்தை எழுதுகிறேன். நான் பார்த்தது முக்கியமாக ஒன்றைத்தான்: அந்த மக்கள் தாங்கள் நம்பியதைத் தங்கள் சொல்லிலேயே நமக்குச் சொல்கிறார்களா?

போன வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலே சிந்துவெளியில் தொடங்கிவிட்டோம். நம் மண்ணுக்குப் பக்கம், படங்கள் தாராளம். அந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்ததால் பிள்ளைகளுக்கும் ஆசை. முதல் வாரமே மொகஞ்சதாரோவில் 1928-29 வாக்கில் கிடைத்த அந்தப் புகழ்பெற்ற முத்திரையைக் காட்டினேன். கொம்பு வைத்த தலைப்பாகை, மேடையில் குதிகால்கள் சேர உட்கார்ந்த உருவம், சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. “என்னப்பா தெரியுது?” என்று கேட்டு வாய் மூடவில்லை, “சிவன் சார்” என்றான் ஒருவன். இன்னொருத்தி முருகன் என்றாள். மூன்றாவது ஆள் யோகா என்றான். அடுத்த மூன்று சனிக்கிழமையும் இந்தச் சண்டையிலேயே போய்விட்டது. வாட்ஸப்பில் வந்த படங்களை எல்லாம் சாட்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

தப்பு பிள்ளைகளுடையது இல்லை. அந்த உருவத்தைச் சிவனின் மூல வடிவம் என்று 1931-இல் எழுதியவர் தொல்லியலாளர் ஜான் மார்ஷல். ‘பசுபதி முத்திரை’ என்ற பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. செதுக்கியவன் அதை என்னவென்று சொன்னான் என்பதற்கு, நம்மால் படிக்க முடிந்த ஒரு எழுத்துகூடச் சாட்சி இல்லை. பின்னால் வந்தவர்கள் சிலர் அதை எருமைத் தெய்வம் என்றார்கள். ‘பூசாரி அரசன்’ என்கிறோமே, அந்தப் பதினேழரை சென்டிமீட்டர் கல் சிலைக்காரர் பூசாரியா அரசனா, இரண்டும் இல்லாத ஒரு வியாபாரியா என்று சொல்ல வழியில்லை. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், கசியாமல் நிலக்கீல் பூசிய அருமையான கட்டுமானம். அதில் சடங்குக்காக முழுகினார்கள் என்பது நம் ஊர் தெப்பக்குளத்தைப் பார்த்துப் பழகிய கண்ணின் ஊகம். கோயில் என்று உறுதியாகக் காட்ட ஒரு கட்டடமும் இல்லை. எழுத்துகள் ஆயிரக்கணக்கான பொருள்களில் இருக்கின்றன, ஆனால் சராசரியாக ஒன்றில் ஐந்தே குறிகள். மீன் குறியை ‘மீன்’ என்றே படித்து, அதுவே விண்மீனையும் தெய்வத்தையும் குறிக்கும் என்று சிந்து எழுத்தை ஆராய்ந்த அஸ்கோ பர்ப்போலா போன்றவர்கள் சொன்னது அழகான ஊகம். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊகம்தான்.

ஆக, சிந்துவெளி நம்பிக்கையின் கலைச்சொற்கள் என்று நாம் படிப்பவை எல்லாமே நாம் வைத்த பெயர்கள். ‘மொகஞ்சதாரோ’ என்பதுகூடப் பிற்காலத்துப் பெயர். இதில் தொடங்கினால் அவர்கள் பேசுவதைக் கேட்கும் பழக்கம் வராது, நம் குரலே எதிரொலித்துத் திரும்பும்.

சரி, அப்படியானால் எகிப்து? நூலகத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதற்குத்தான் வாதாடினார். எகிப்துக்கு இருக்கும் பெரிய வசதி, ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம்: மாஅத். உண்மை, நீதி, ஒழுங்கு எல்லாம் சேர்ந்த சொல். தமிழில் ‘அறம்’ என்று எழுதினால் பாதிதான் வரும், ஏனென்றால் சூரியன் நேரத்துக்கு எழுவதும், நைல் பருவத்தில் பெருகுவதும், தராசில் கள்ள எடை வைக்காததும் எகிப்தியனுக்கு ஒரே மாஅத். அது ஒரு பெண் தெய்வமும்கூட, தலையில் ஒற்றை இறகு. எதிர்ச்சொல் இஸ்ஃபெத், எல்லாம் குலைந்து போவது. அரசன் இருப்பதே இஸ்ஃபெத்தை விரட்டி மாஅத்தை நிறுத்துவதற்கு. அந்த அரசனைக் குறிக்கும் பாரோ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘பெரிய வீடு’. நாம் அரசாங்கத்தைக் ‘கோட்டை’ என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

அப்புறம் இதயத்தை எடைபோடும் காட்சி. அனி என்ற எழுத்தரின் பாப்பிரஸ் சுருள், ஏறத்தாழ கி.மு. 1250-ஐச் சேர்ந்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தட்டில் அனியின் இதயம், மறு தட்டில் மாஅத்தின் இறகு. நரித்தலை அனுபிஸ் முள்ளைச் சரிபார்க்கிறார். தெய்வங்களின் எழுத்தர் தோத் கையில் எழுதுகோலோடு நிற்கிறார். பின்னால் முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலுமாக அம்மித் காத்திருக்கிறது. இதயம் கனத்தால் அதற்கு இரை. இறந்தவர் 42 தெய்வங்கள் முன் ‘நான் இதைச் செய்யவில்லை’ என்று வரிசையாகச் சொல்லவேண்டும். யாரையும் அழவைக்கவில்லை. பருவத்து நீரைத் தடுக்கவில்லை. ஓடும் நீருக்குக் குறுக்கே அணை போடவில்லை. வாய்க்கால் மடைச் சண்டை பார்த்த ஊர்க்காரருக்கு அந்தக் கடைசி இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு குறுக்கு வழி. மம்மியின் நெஞ்சுமேல் வண்டு வடிவக் கல் ஒன்றை வைப்பார்கள். அதில் இதயத்துக்கு ஒரு வேண்டுகோள் செதுக்கியிருக்கும்: என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே. நீதிமன்றமும் வேண்டும், சாட்சியைக் கலைக்கவும் வேண்டும்! மனிதர்கள்தானே.

இவ்வளவு இருந்தும் எகிப்தை முதலில் வைக்க நான் தயங்கினேன். ஒன்று, எல்லாம் கல்லறை வாசலிலேயே நிற்கிறது. பிள்ளைகள் மம்மியைத் தாண்டி வரமாட்டார்கள், மூக்கு வழியாக மூளையை எடுத்த கதையிலேயே ஒரு மாலை போய்விடும். இன்னொன்று, அது கேள்விகளைச் சீக்கிரம் மூடிவிடுகிறது. நல்லவன் வாழ்வான், கெட்டவனை அம்மித் தின்னும். நம் பிள்ளைகள் எமனையும் சித்திரகுப்தனையும் கேட்டு வளர்ந்தவர்கள், ‘ஓ, அதேதான்’ என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். கா, பா இரண்டையும் ‘ஆன்மா’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் மொழிபெயர்ப்புகளும் இதற்குத் துணை போகின்றன. கா என்பது ஆளோடு கூடப் பிறந்து, செத்த பின்னும் சோறு கேட்கும் உயிராற்றல். பா மனிதத் தலை வைத்த பறவை, கல்லறையிலிருந்து வெளியே பறந்துவிட்டுத் திரும்பி உடலுக்கு வரும்.

சீனத்தை யாருமே முன்மொழியவில்லை. நான்தான் பிடிவாதமாகப் பட்டியலில் சேர்த்தேன், ஏனென்றால் அன்யாங்கில் கிடைத்த குறிகேட்கும் எலும்புகளைப் போல நேருக்கு நேர் பேசுகிற சான்று வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஷாங் மன்னர்கள் மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் அடியோட்டிலோ குழி தோண்டிச் சூடு வைப்பார்கள். எலும்பு வெடிக்கும். அந்த விரிசலைப் பார்த்துக் குறி சொல்வார்கள். அப்புறம் கேட்ட கேள்வியை அந்த எலும்பிலேயே செதுக்கி வைப்பார்கள். குறி கேட்பதற்கான சீன எழுத்தே ஒரு நெட்டுக்கோடும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடும்தான், விரிசலின் படம். இந்த எலும்புகளை மருந்துக்கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்று விற்றுப் பொடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் எழுத்து இருப்பதை 1899-இல்தான் கவனித்தார்கள்.

வூ திங் மன்னனின் மனைவியருள் ஒருத்தி ஃபூ ஹாவ். படை நடத்தியவள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், பிரசவம் நல்லபடி நடக்குமா என்று கேட்கிறார்கள். மன்னன் விரிசலைப் பார்த்துச் சொல்கிறான்: ‘திங்’ நாளில் பிறந்தால் நல்லது, ‘கெங்’ நாளில் பிறந்தால் ரொம்ப நல்லது. முடிவையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: முப்பத்தொன்றாம் நாள், ‘சியாயின்’ அன்று பிறந்தது. நல்லதாக இல்லை. பெண் குழந்தை.

மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகள் என்ன முகம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மன்னனுக்குப் பல்வலி வந்தாலும் குறிதான்: இறந்துபோன எந்த முன்னோரின் கோபம் இது? பத்து நாள் வாரத்தில் ஒவ்வொரு முன்னோருக்கும் ஒரு நாள், அந்த நாளின் பெயரே அவர் பெயரில் வரும், அன்றைக்கு அவருக்குப் படையல். திதி கொடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். எல்லோருக்கும் மேலே ‘தி’ என்ற பெருந்தெய்வம், மழையையும் போரின் முடிவையும் கையில் வைத்திருப்பவர். அவருக்கு நேராகப் படையல் போவதில்லை, முன்னோர்தான் இடையில். ‘வானத்தின் ஆணை’ என்று பாடநூல்களில் வருவது இவர்களுடையதே இல்லை, கி.மு. 1046 வாக்கில் ஷாங்கைத் தோற்கடித்த சௌ மரபினர் கொண்டுவந்தது. இந்த இரண்டையும் குழப்பாத புத்தகத்தை நான் அதிகம் பார்க்கவில்லை.

ஆனால் ஷாங்கில் கதை இல்லை. கேள்வி உண்டு, விரிசல் உண்டு, உலகம் எப்படித் தொடங்கியது என்று எலும்பு சொல்வதில்லை. பேசுவது முழுக்க அரண்மனை. நரபலியோ கொஞ்சநஞ்சம் இல்லை. 1976-இல் தோண்டிய ஃபூ ஹாவின் கல்லறையிலேயே கூடப் புதைக்கப்பட்டவர்கள் பதினாறு பேர். எட்டு வாரத்தை இது தாங்காது. பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து படிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்றே சொல்வேன்.

கடைசியில் நாங்கள் எடுத்தது மெசபடோமியா. எளிது என்பதற்காக எடுக்கவில்லை, நான்கிலும் குழப்பமானது அதுதான். மூவாயிரம் ஆண்டு, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள். பல தெய்வங்களுக்குச் சுமேரிய மொழியில் ஒரு பெயர், அக்காடிய மொழியில் ஒரு பெயர்: இனன்னா இஷ்தார் ஆகிறாள், உத்து ஷமாஷ் ஆகிறார், என்கி ஏயா ஆகிறார். முதல் வாரமே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டியிருக்கும். அதோடு ஒரு கண்ணிவெடியும் உண்டு. ‘ஊர்’ என்று ஒரு நகரம், ‘அமா’ என்றால் தாய். உடனே ஒருவன் எழுந்து ‘சுமேரியரும் தமிழர்தான்’ என்பான். ‘ஊர்’ நகரைச் சுமேரியர் உரிம் என்றுதான் சொன்னார்கள், இரண்டு சொல் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் இரண்டு மொழி உறவாகிவிடாது என்று அங்கேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் மேல் அதை எடுத்ததற்குக் காரணம், அந்த மக்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். கோயில் கணக்கு, புலம்பல், மந்திரம், பழமொழி, பள்ளிப் பிள்ளையின் பயிற்சி ஏடு, எல்லாம் சுட்டும் சுடாததுமான களிமண்ணில். உலகில் பெயர் தெரிந்த முதல் எழுத்தாளராகச் சொல்லப்படுபவர் ஒரு பெண்: அக்காட் மன்னன் சார்கோனின் மகள் என்கெதுவன்னா, ஊர் நகரில் நிலாத் தெய்வம் நன்னாவின் தலைமைப் பூசாரி, கி.மு. 2300-ஐ ஒட்டி வாழ்ந்தவர்.

அவர்களுடைய சொற்களும் நம் சொற்களில் சுலபமாக அடங்குவதில்லை. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை, பிள்ளைகளை நிறுத்தி யோசிக்கவைப்பது அதுதான். ‘மே’ என்று ஒரு சொல். உலகம் இயங்குவதற்கான தெய்வ விதிகள், ஆற்றல்கள், பதவிகள், தொழில்கள் எல்லாம் மே. நூறுக்கு மேல் இருக்கும். அரசாட்சி ஒரு மே, எழுத்துக்கலை ஒரு மே, உலோக வேலை ஒரு மே, பொய்யும் ஒரு மே, ஊரைச் சூறையாடுவதும் ஒரு மே. எரிது நகரில் என்கி இவற்றைக் கையில் வைத்திருக்கிறார். இனன்னா விருந்துக்குப் போய், அவர் பீர் போதையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு உருக் நகருக்குக் கிளம்பிவிடுகிறாள். போதை தெளிந்தவர் ஆள் அனுப்பித் துரத்துகிறார், பிடிக்கமுடியவில்லை. நாகரிகம் என்பதில் பொய்யும் சூறையாடலும் சேர்த்தி என்று கணக்குக் காட்டிய மக்கள் இவர்கள். எகிப்தியன் இதை எழுதியிருக்கமாட்டான்.

இன்னொரு சொல் ‘அமர்கி’. அடிமை, கடன் இவற்றிலிருந்து விடுவிப்பது என்று பொருள். கி.மு. 2350 வாக்கில் லகாஷ் நகரை ஆண்ட உருஇனிம்கினாவின் சாசனத்தில் வருகிறது. பிரித்தால் ‘தாயிடம் திரும்புதல்’. கடனுக்காக அடகுவைக்கப்பட்ட பிள்ளை அம்மாவிடம் வந்து சேருவதுதான் விடுதலை.

இரண்டு வாரம் முழுக்க ஒதுக்கியிருப்பது அத்ரஹாசிஸ் கதைக்கு. நம்மிடம் உள்ள நல்ல பிரதி கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் மூன்று களிமண் ஏடுகளில் எழுதப்பட்டது. மனிதன் பிறப்பதற்கு முன், வாய்க்கால் வெட்டியதும் தூர் வாரியதும் சின்னத் தெய்வங்கள். எத்தனையோ ஆண்டு பாரம் சுமந்து அலுத்துப்போய்க் கருவிகளைக் கொளுத்திவிட்டு, நள்ளிரவில் தலைவர் என்லில் வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். வேலைநிறுத்தம்தான், வேறென்ன. சமாதானம் பேசி, அவர்களில் ஒரு தெய்வத்தைக் கொன்று, அந்தச் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள். மண்வெட்டி கைமாறுகிறது. மனிதர் பெருகுகிறார்கள், சத்தம் பெருகுகிறது, என்லிலுக்குத் தூக்கம் போகிறது. நோய் அனுப்புகிறார், பஞ்சம் அனுப்புகிறார், கடைசியில் வெள்ளம். என்கி மட்டும் அத்ரஹாசிஸிடம் படகு கட்டச் சொல்லிக் காப்பாற்றுகிறார். வெள்ளம் ஓய்ந்து படையல் வைத்ததும், பசியோடு இருந்த தெய்வங்கள் அதன்மேல் ஈயைப்போல வந்து மொய்க்கிறார்கள். கும்பிடுகிற தெய்வத்தை ஈ என்று எழுதியிருக்கிறார்கள்! மனிதன் பாவம் செய்ததால் வெள்ளம் என்று இதில் எங்கும் இல்லை, சத்தம் போட்டதால். வெள்ளத்துக்குப் பின் ஒரு ஒப்பந்தம் வருகிறது: இனி சில பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது, சில குழந்தைகளை மடியிலிருந்தே பேய் பறித்துக்கொண்டு போகும். பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தச் சமூகம் சொன்ன காரணம் இது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, கூட்டம் குறையவேண்டும் என்று மேலே பேசி முடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ‘சிகுராட்’ என்ற சொல் உயிர் பெறுகிறது. உயரமாகக் கட்டியது என்று பொருள், மேலே தெய்வத்துக்கு ஒரு இருப்பிடம். மனிதன் வேலைக்காரனாகப் படைக்கப்பட்டவன் அல்லவா, அதனால் கோயிலில் நடப்பதெல்லாம் பணிவிடை. பின்னாளில் உருக்கில் எழுதிய ஏடு ஒன்றின்படி தெய்வத்துக்கு நாளுக்கு நான்கு வேளைச் சாப்பாடு. சிலை செய்து முடித்ததும் ‘வாய் கழுவும்’ சடங்கு ஒன்று உண்டு. சிற்பியின் கைகளைத் துணியால் கட்டி, மரக் கத்தியால் வெட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். ‘நான் இதைச் செய்யவில்லை’ என்று அவன் சத்தியம் செய்யவேண்டும். கண் திறப்புப் பார்த்த சிற்பி வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான், அவனிடம் இதைச் சொல்லக் காத்திருக்கிறேன்.

ஆசிரியை இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. “ஏன் தம்பி, நம்ம பிள்ளைங்களுக்கு நம்மளோடதைக் கடைசில வைக்கிறது நியாயமா?” என்று கேட்டார். “போன வருஷம் முதல்ல வைச்சு என்ன ஆச்சுன்னு பாத்தீங்களே டீச்சர்” என்றேன். சிரித்துவிட்டு, எட்டு வயதுக் குட்டிகளுக்குத் தனியாக இரண்டு வாரம் எகிப்து எடுக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு எகிப்துதான் சரி. இரண்டு வாரத்தில் மாஅத்தையும் தராசையும் முடித்துவிடலாம், சின்னவர்களுக்கு அம்மித் போதும்.

எங்களுக்கு முதல் சனிக்கிழமைக்குக் குயவரிடம் பத்து கிலோ களிமண் சொல்லியிருக்கிறோம், மூங்கில் குச்சி சீவ வேண்டும். முதலில் எழுதப்போவது நட்சத்திர வடிவக் குறி: ‘அன்’ என்று படித்தால் வானம், ‘திங்கிர்’ என்று படித்தால் தெய்வம், ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் வாய்விட்டுப் படிக்காமல் ‘இது தெய்வப் பெயர்’ என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எட்டாவது சனிக்கிழமைக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சின்ன உருளை முத்திரையின் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அக்காட் காலத்து ஷு-இலிஷுவின் முத்திரை. மடியில் ஒரு குட்டி உருவத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஓர் ஆணும் பெண்ணும் வருகிறார்கள். பக்கத்தில் ஆப்பெழுத்தில், அதாவது கியூனிபார்மில், ஷு-இலிஷுவின் தொழில் எழுதியிருக்கிறது: மெலுஹா மொழிபெயர்ப்பாளன். மெலுஹா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மொழி தெரிந்த ஒருவன், தன் முத்திரையில் அந்த மொழியின் ஒரு சொல்லையும் வைக்கவில்லை. அன்றைக்கு அதற்குப் பக்கத்தில் கொம்புத் தலைப்பாகை முத்திரையை மறுபடி மேசையில் வைத்து, போன வருடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கப்போகிறேன்: என்னப்பா தெரியுது?